டெக்கில் ஓடிய கர்ண மோட்சம்

நெய்வேலியில் பழைய டிவி பெட்டியின் பின்மூடியைக் கழற்றினால் முதலில் கையில் ஒட்டுவது கரி. பல்லி முட்டையும் ஒட்டடையும் எல்லா ஊரிலும் உண்டு. இங்கே அவற்றின் மேல் கறுப்பும் செம்மண் நிறமும் கலந்த ஒரு மாவு அடையடையாகப் படிந்திருக்கும். பழைய கலர் பிக்சர் டியூபுக்கு 20,000 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். அந்த அழுத்தம் காற்றில் மிதக்கிற தூசியையெல்லாம் இழுத்துத் தன்மேல் ஒட்டிக்கொள்ளும். சுரங்கத்து மேல்மண், பழுப்பு நிலக்கரித் தூள், அனல் மின் நிலையச் சாம்பல் என்று மூன்றும் சுற்றுகிற ஊரில் கேட்கவே வேண்டாம். ஐப்பசி மழையில் ஈரம் ஏறியதும் அந்த மாவின் வழியாகவே கரண்ட் கசியும். பெட்டிக்குள்ளிருந்து உஸ்ஸென்று சத்தம் வரும், மூக்கை அரிக்கிற ஒரு வாடை வரும், படம் சுருங்கிச் சுருங்கி விரியும். பாம்பு புகுந்துவிட்டது என்று பயந்து கூப்பிட்டவர்கள் உண்டு.

வைத்தியம் பெரிதல்ல. ஸ்க்ரூ டிரைவரில் வயரைக் கட்டி, டியூபில் தங்கியிருக்கிற சார்ஜை முதலில் சேஸிஸில் இறக்க வேண்டும். அதை மறந்தால் கை தூக்கி எறியப்படும். பிறகு ரப்பர் தொப்பியை உரித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காயவைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவி மூடினால் அடுத்த மழை வரை தாங்கும்.

என் கடை மந்தாரக்குப்பத்தில். வேலை பெரும்பாலும் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்களில். ரிப்பேர் முடிந்த கையோடு எழுந்து வந்துவிட முடியாது. சூடேறிய பிறகும் படம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணி நேரங்களில்தான் நான் தொடர்கள் பார்த்தேன். பெட்டியைப் பார்த்ததைவிட, பெட்டியைப் பார்த்தவர்களைப் பார்த்தது அதிகம். பாவம் செய்த ஒருவனுக்கு எப்போது, எதைக் கொடுத்தால் விமோசனம் என்பதில் நம் மக்கள் வைத்திருக்கும் கணக்கு எவ்வளவு கறாரானது என்பது அங்கே உட்கார்ந்துதான் எனக்குப் புரிந்தது.

நெய்வேலியில் முதல் அனல் மின் நிலையம் 1962-ல் ஓடத் தொடங்கியது. மின்சாரம் பிறக்கிற இடமாதலால் டவுன்ஷிப்பில் கரண்ட் போவது அபூர்வம். குறிஞ்சிப்பாடிப் பக்கமும் பண்ருட்டிப் பக்கமும் கிராமங்களில் அப்போது அப்படி இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் குவார்ட்டர்ஸ் வாசல்களில் செருப்பு குவியும். சொந்தக்காரர்கள் முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் குளித்துவிட்டுத் தூங்காமல் உட்கார்ந்திருப்பார். ராமானந்த் சாகரின் 'ராமாயணம்' 1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் தொடங்கியது. அது ஓடிய காலத்தில் சூடம் ஏற்றினார்கள், தேங்காய் உடைத்தார்கள், பெட்டிக்கு மாலை போட்டார்கள். மாலையின் ஈரம் மேல்மூடி ஓட்டை வழியாகச் சொட்டி போர்டு எரிந்துபோன வீடுகளில் நான் சொல்லிப் பார்த்தேன்: மாலையை ஸ்டாண்டுக்குப் போடுங்கள், சாமி ஏற்றுக்கொள்வார். சில வீடுகளில் கேட்டார்கள்.

1988 அக்டோபர் 2-ம் தேதி பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரதம்' ஆரம்பித்தது. 1990 நடுப்பகுதி வரை 94 பகுதிகள். அப்போது வீடுகளுக்குள் இருந்த காற்றே மாறியது. ராமாயணத்தைக் கும்பிட்டவர்கள் மகாபாரதத்தோடு வாதாடினார்கள். மொழி இந்தி, ஒரு சொல் புரியாது. வடக்கேயிருந்து வந்த ஆபீசர் வீட்டுப் பிள்ளைகள் யாராவது பக்கத்தில் இருந்தால் அவ்வப்போது சொல்லும். இல்லாவிட்டாலும் ஒன்றும் குறைவில்லை, ஏனென்றால் கதை இவர்களுடையது. பீஷ்மர் வாயைத் திறக்கும் முன்பே என்ன சொல்லப்போகிறார் என்று திண்ணைக் கிழவிகள் சொல்லிவிடுவார்கள். அந்தத் தொடருக்கு வசனம் எழுதியவர் ராஹி மாசூம் ரஸா என்ற முஸ்லிம் எழுத்தாளர், உத்தரப் பிரதேசத்துக் காசிப்பூர் மாவட்டத்துக்காரர். முஸ்லிம் எப்படி பாரதம் எழுதலாம் என்று வடக்கே சிலர் எதிர்ப்புக் காட்டியதாகப் பின்னாளில் படித்தேன். எங்கள் ஜில்லாவில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். செஞ்சிச் சீமையின் திரௌபதி அம்மன் கோயில்களில் அம்மனுக்குக் காவலாக முத்தால ராவுத்தர் இருக்கிறார். பாரதத்தில் முஸ்லிமுக்கு இடம் உண்டு என்பது இவர்களுக்குப் பழைய செய்தி.

இந்த மண்ணுக்கும் பாரதத்துக்கும் உள்ள உறவை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் பிறந்த சனியூர் திருமுனைப்பாடி நாட்டில் உள்ளது. அவரைப் பாடவைத்த வரபதி ஆட்கொண்டானும் இந்த வட்டாரத்துக் குறுநிலத் தலைவன்தான். அதே திருமுனைப்பாடி நாட்டில்தான், நெய்வேலியிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கும் திருவதிகையில், சமணராக இருந்த அப்பர் சூலை நோய் தீர்ந்து சிவனிடம் திரும்பினார். திரும்பி வருதல், மன்னிக்கப்படுதல் என்பதெல்லாம் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புத்தகத்தில் படித்த சங்கதிகள் இல்லை. நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய இடங்கள். இன்றும் டவுன்ஷிப் நடராசர் கோயிலில் முறைப்பெட்டி ஒன்று இருக்கிறது. மனக்குறையை எழுதிப் போட்டுவிட்டு ஆராய்ச்சி மணியை அடித்துவிட்டு வருகிறார்கள்.

திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். அந்த ராத்திரிகளில் ஒன்று கர்ண மோட்சத்துக்கு உரியது. போருக்குக் கிளம்பும் கர்ணனும் அவன் பிறப்பை இழித்துப் பேசும் மனைவி பொன்னுருவியும் வாதிடும் பகுதியே வெகுநேரம் ஓடும். சல்லியன் தேரைவிட்டு இறங்கிப்போவது, தேர்ச்சக்கரம் புதைவது, அம்பு தைப்பது எல்லாம் அதற்குப் பிறகு. அம்பு தைத்தும் உயிர் போகாது. செய்த தருமம் காவல் நிற்கிறது. எய்கிற அம்பெல்லாம் பூமாலையாகிறது. அப்போது கண்ணன் கிழ வேதியனாக வந்து, செய்த புண்ணியம் அனைத்தையும் எனக்குக் கொடு என்று கேட்கிறான். வார்க்கத் தண்ணீர் இல்லை. மார்பிலிருந்து வழிகிற ரத்தத்தையே தாரையாக வார்த்துக் கர்ணன் கொடுத்துவிடுகிறான். என்ன வரம் வேண்டும் என்றால், எத்தனை பிறவி எடுத்தாலும் கேட்டவருக்கு இல்லையென்று சொல்லாத மனம் வேண்டும் என்கிறான். வியாசர் பாரதத்தில் இந்தக் காட்சி இல்லை. வில்லியில் இருக்கிறது, 1964-ல் வந்த 'கர்ணன்' படத்தின் மூலம் தமிழ்நாடு முழுக்கப் பரவியது.

கர்ணன் ஒன்றும் குற்றமற்றவனில்லை. சூது மண்டபத்தில் திரௌபதியை அவன் பேசிய பேச்சு, பரசுராமரிடம் சொன்ன பொய், அபிமன்யுவைச் சூழ்ந்தவர்களில் ஒருவனாக நின்றது எல்லாம் கூத்து பார்க்கிற எவருக்கும் தெரியும். கொடையால் அந்தக் கணக்கு நேராகிவிட்டது என்று கூத்து சொல்வதில்லை. கொடுத்துச் சேர்த்த புண்ணியம்தான் அவன் உயிரைப் பிடித்துவைத்து வேதனையை நீட்டிக்கிறது. அதையும் கையைவிட்ட பிறகே அவனுக்குக் கதி. நல்லவன் என்ற பேரைக்கூடத் தனக்கு வைத்துக்கொள்ளாத இடத்தில் அவன் மேலே போகிறான். இத்தனை நுட்பமான ஒரு விஷயத்தை எழுதப்படிக்கத் தெரியாத ஜனங்கள் விடிய விடிய உட்கார்ந்து உள்வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மயிர்க்கூச்செறியும். வட மாவட்டங்களில் இன்னொரு வழக்கமும் உண்டு: சாவு விழுந்த வீட்டில் கருமாதிக்கு முந்தின ராத்திரி கர்ண மோட்சம் ஆடவைப்பார்கள். கர்ணன் போகிற வழியில் செத்தவரும் போய்ச் சேருவார் என்பது நம்பிக்கை.

தொடரில் கர்ணன் சாகிற வாரம் 1990 கோடையில் வந்தது. டவுன்ஷிப்பில் ஒரு கன்வேயர் ஆபரேட்டர் வீட்டில் அன்று இருந்தேன். வெர்டிகல் ஐசி போய்ப் படம் நடுவில் ஒரே கோடாக நின்றுவிட்டது. முந்தின நாளே சொல்லியிருந்தும் சாமான் கிடைத்தது காலையில்தான். படம் விரிந்தபோது கூடத்தில் உட்கார இடமில்லை. அந்த வீட்டு ஆயாவுக்கு மட்டும் பெட்டிக்கு நேரே பாய். பங்கஜ் தீர் கர்ணனாக நடித்தார். அவர் முகத்தில் இருந்த ஒரு கௌரவமான சோகத்துக்கு மொழி தேவைப்படவில்லை. 2025 அக்டோபரில் அவர் காலமான செய்தி கேட்டபோதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் கூடம்தான். சக்கரம் புதைந்தது. அம்பு வந்தது. கர்ணன் விழுந்தான். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். கதை அடுத்த காட்சிக்கு நகர்ந்துவிட்டது.

ஆயா திரும்பிப் பேரனைப் பார்த்தார். "கெழவன் எங்கடா?"

"எந்தக் கெழவன் ஆயா?"

"தர்மத்த வாங்க வர்ற கெழவன்."

"அவ்ளோதான் ஆயா. செத்துட்டான்."

"எப்பிடிடா சாவான்? தர்மம் இன்னும் அவங்கிட்டதான இருக்குது? அத வாங்காம உசுரு எப்பிடிப் போவும்?"

யாரும் பதில் சொல்லவில்லை. பெட்டியில் பாட்டு முடிந்து விளம்பரம் வந்தது. ஆயா பாயில் உட்கார்ந்தபடியே, வாசலைப் பார்த்து, அந்தக் கிழவன் வந்தது, கேட்டது, ரத்தம் வார்த்தது எல்லாவற்றையும் பேச்சும் பாட்டுமாகச் சொல்லி முடித்தார். விளம்பரத்தின் சத்தத்தை நான்தான் எழுந்து குறைத்தேன். அவர் முடித்த பிறகுதான் கூடத்திலிருந்தவர்கள் எழுந்தார்கள், குழந்தைகள் உட்பட. டில்லியிலிருந்து வந்த படம் விட்ட இடத்தை ஒரு கிழவி நிரப்பினார். அதற்குப் பிறகு எந்தத் தொடரைப் பார்த்தாலும், ஆயா கேட்ட கேள்வியை நானும் கேட்டுப் பார்க்கிறேன்.

சில வருஷங்கள் கழித்து அந்த வீட்டிலிருந்து ஆள் வந்தது. ரிப்பேருக்கு இல்லை. கன்வேயர் ஆபரேட்டர் இறந்துவிட்டார், ஆயாவின் மூத்த மகன். பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின ராத்திரி கர்ண மோட்சம் நடந்தாக வேண்டும் என்று ஆயா பிடிவாதமாக இருந்தார். குவார்ட்டர்ஸில் எப்படி நடத்துவது? பக்கத்து வீட்டுக்காரருக்கு விடிந்தால் முதல் ஷிப்ட். மேடை போட இடமில்லை, மைக் வைக்க முடியாது, மிருதங்கமும் முகவீணையும் எடுத்தால் வட்டமே எழுந்துவிடும். ஊரில் வைக்கலாம் என்றால் ஊர் வீடு தம்பியிடம் இருந்தது. அண்ணனுக்கும் தம்பிக்கும் நிலத் தகராறில் பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம். அந்தத் தம்பி கூத்துக்காரர், கர்ண வேஷம் கட்டுகிறவர்.

அவர் வந்திருந்தார். சாவுக்கு வந்து தூரத்தில் நின்றுவிட்டுப் போனவர், ஆயா சொல்லியனுப்பியதும் தாளத்தை மட்டும் துண்டில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். ஆனால் ஆட மாட்டேன் என்றார். "கட்டை கட்டாம, திரை புடிக்காம நான் கர்ணனா நிக்க முடியாதும்மா. பாடறேன். பாடத்தான் முடியும்." கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கூத்துக் குழுவான ஜமாவின் சொத்து, அது அன்று வேறு ஊரில் இருந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கட்டை கட்டாத உடம்பு கூத்தில் வெறும் ஆள்தான், அந்த உடம்பில் கர்ணன் இறங்க மாட்டான்.

யாரோ 'கர்ணன்' படத்தின் கேசட் போடலாம் என்றார்கள். தம்பி தலையை ஆட்டினார். "அதுல சீர்காழி பாடிடறாரு. அப்பறம் நான் எங்க பாடறது?"

அப்போதுதான் ஆயா என்னைக் கூப்பிட்டனுப்பியது. அந்த ஞாயிற்றுக்கிழமைத் தொடரை நான் வீடியோ டெக்கில் பதிவு செய்து வைத்திருந்தது அவருக்குத் தெரியும். படத்தில் இருக்கிற கர்ணன் நிற்கட்டும், என் பிள்ளை பாடட்டும் என்றார்.

இரவு சாப்பாடு முடிந்து, தூங்குகிறவர்கள் தூங்கப்போன பிறகு டெக்கை இணைத்தேன். சத்தத்தை முழுக்கக் குறைத்தேன். இந்தி போய்விட்டது, சங்கும் முரசும் போய்விட்டன. வெளிச்சத்தில் தேர்கள் மட்டும் ஓடின. தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தொண்டையை அடக்கி, பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில் ஆரம்பித்தார். கூத்துப் பாட்டை அவ்வளவு மெதுவாகப் பாடி நான் கேட்டதே இல்லை. வயல்வெளி தாண்டிக் கேட்க வேண்டும் என்று உருவான பாட்டு அது. அதை ஒரு கூடத்துக்குள் அடக்கியபோது சொல் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது.

சிக்கல் என் பக்கம் வந்தது. படத்தில் சில நிமிஷங்களில் முடிகிற சண்டைக்குக் கூத்தில் மணிக்கணக்காகப் பாட்டு இருக்கிறது. பொன்னுருவிக்கு நாடாவில் காட்சியே கிடையாது. அதனால் கர்ணன் முகம் நெருக்கமாக வருகிற இடங்களைத் தேடி நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. விஎச்எஸ் டெக்கில் பாஸ் போட்டால் படம் நிற்கும், ஆனால் மேலும் கீழும் கோடு ஓடும். டிராக்கிங்கைத் திருகிக் கோட்டை முகத்திலிருந்து கீழே தள்ளலாம். நின்ற நாடாவின் மேல் ஹெட் சுற்றிக்கொண்டே இருப்பதால் நாடாவும் தேயும், ஹெட்டும் அடைக்கும். அதற்காகக் கம்பெனிக்காரனே ஒரு ஏற்பாடு செய்திருப்பான்: பாஸில் போட்டு ஐந்து நிமிஷம் போல ஆனால் டெக் தானாக நின்றுவிடும். அதற்குள் விடுவித்து, கொஞ்சம் ஓட்டி, பின்னால் சுற்றி, மறுபடி நிறுத்த வேண்டும். தம்பி மூச்சு வாங்குகிற இடம், தாளம் மாறுகிற இடம் எல்லாம் எனக்குப் பழகிவிட்டது. நடு ராத்திரிக்குப் பிறகு அவர் எங்கே இழுப்பார் என்று முன்கூட்டியே விரல் பட்டனுக்குப் போனது. வேலையில் அப்படி ஒரு கவனம் எனக்கு வேறெப்போதும் வாய்த்ததில்லை.

சக்கரம் புதைகிற கட்டம் வந்தபோது விடியல் நெருங்கியிருந்தது. கர்ணன் விழுந்த இடத்தில் நிறுத்தினேன். இனிமேல் படத்தில் ஒன்றும் இல்லை. கிழ வேதியன் வர வேண்டும். தம்பி எழுந்தார். வேஷம் கட்ட மாட்டேன் என்றவர், மேல்துண்டை எடுத்து முக்காடு போட்டுக்கொண்டு, முதுகை வளைத்து, டிவிக்கு முன்னால் போய் இரண்டு கையையும் ஏந்தினார். செய்த தருமமெல்லாம் தா என்ற பாட்டை எடுத்தார். ஓரடி பாடினார். இரண்டாவது அடி வரவில்லை. மறுபடி தாளத்தைத் தட்டினார், மறுபடியும் வரவில்லை. கையை ஏந்தியபடியே நின்றுகொண்டு, பாட்டை விட்டு, சாதாரணப் பேச்சில் சொன்னார்:

"எல்லாத்தயும் குடுத்துட்டுப் போ அண்ணே. எம்மேல இருக்கற கோவத்தயும் சேத்துக் குடுத்துட்டுப் போ. நான் வாங்கிக்கறேன்."

டெக் அப்போது நின்றது. படம் மறைந்து திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் பொரிந்தன. ஆயா இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்து, "போயிட்டான், எம் புள்ள போயிட்டான்" என்றார். அழுகையாக அது வரவில்லை. பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பியவர் சொல்வதுபோல் சொன்னார்.

எனக்குத் தெரியும், ஹெட் தேயாமலிருக்க வைத்த டைமர் அது. ஐந்து நிமிஷக் கணக்கை ராத்திரி முழுக்க எண்ணிக்கொண்டிருந்த நான், அந்த ஒரு முறை எண்ணவில்லை; எண்ணத் தோன்றவில்லை. மறுபடி பிளே பட்டனை அழுத்தவும் இல்லை. அந்த நேரத்தில் டெக் நின்றதற்குக் காரணம் டைமர் என்று நானும், அவன் போய்ச் சேர்ந்தது என்று ஆயாவும் நினைத்தோம். இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும் என்று அன்றிலிருந்து நம்புகிறேன். ஆயாவுக்கு இரண்டு பிள்ளைகள். வியாசர் பாரதத்தில் போரெல்லாம் முடிந்து தண்ணீர் விடும்போதுதான் கர்ணன் மூத்தவன் என்று குந்தி சொல்ல, தருமன் அண்ணனுக்குக் கடன் செய்கிறான். காலையில் காரியத்தில் தம்பியும் கூட நின்று தண்ணீர் விட்டார். கூலி என்று எனக்கு யாரும் பேசவில்லை. கூத்து வாத்தியாருக்குக் கொடுப்பதுபோல் தாம்பூலத்தோடு வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தார்கள், தம்பிக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

விஷயம் பரவி, சாவு வீடுகளிலிருந்து அந்தக் கேசட்டைக் கேட்டு வந்தார்கள். பாடுகிறவர் இருந்தால் கொடுத்தேன்.

கேபிள் காலம் வந்த பிறகு தொடர்கள் பெருகின. சன் டிவியில் தொண்ணூறுகளின் பின்பாதியில் ஓடிய 'மர்மதேசம்' வரிசையை, அதிலும் 'விடாது கருப்பு' பகுதியை, டவுன்ஷிப்பில் மதுரை, ராமநாதபுரத்துக்காரர்கள் வீடுகளில் மூச்சுப் பேச்சில்லாமல் பார்த்தார்கள். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கியது. தப்பு செய்தவனைக் குதிரையில் வந்து கருப்பு தண்டிக்கிறது. வருவது தெய்வமா மனிதனா என்ற கேள்வி கடைசி வரை கூட வருகிறது. நம்பிக்கையை இவ்வளவு அக்கறையாகக் கையாண்ட தமிழ்த் தொடர் வேறு குறைவு. ஆனால் அது தண்டனையின் கதை. பார்க்கிறவர்கள் பயந்தார்கள், குலசாமிக்கு நேர்ந்துகொண்டார்கள். கண் கலங்கியவர்களை நான் பார்க்கவில்லை.

பிறகு வந்த மெகா தொடர்களில் திருந்துதல் மலிவாகிவிட்டது. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் போன வீடுகளில் எல்லாம் ஏதோ ஒரு தொடரின் கடைசி வாரம் ஓடிக்கொண்டிருந்ததுபோல் இருக்கிறது. மூன்று வருஷம் விஷம் வைத்த மாமியாரோ நாத்தனாரோ கோயில் பிரகாரத்தில் விழுந்து அழுவார். மணி அடிக்கும், சூடம் எரியும், மருமகள் தூக்கி அணைத்துக்கொள்வாள். அந்த நேரத்தில் வீட்டில் ஒருவர் பால் கணக்கு எழுதுவார், இன்னொருவர் உலைக்கு எழுந்து போவார். மூன்று வருஷம் அந்தக் கொடுமைக்காரியைத் திட்டித் தீர்த்த அதே பெண்கள்! அவர்களுக்குக் கல் மனசு என்று நினைக்காதீர்கள். அந்தப் பாத்திரம் அழுததே தவிர எதையும் கொடுக்கவில்லை. சொத்து கையில் இருந்தது, சொகுசு கையில் இருந்தது, மன்னிப்பும் கைக்கு வந்துவிட்டது. கிழவன் வந்து கேட்காத கதை. எழுதுகிறவர்களுக்கு வாரக்கணக்கு, விளம்பரக்கணக்கு என்று ஆயிரம் நெருக்கடி இருக்கலாம். ஆனாலும் திருந்துகிறவர் எதை இழக்கிறார் என்று ஒரு காட்சி எழுதியிருந்தால் அந்த உலை கொஞ்சம் காத்திருக்கும்.

2013-ல் ஸ்டார் பிளஸ்ஸில் புதிய 'மகாபாரதம்' வந்து, தமிழ்க் குரலோடு விஜய் டிவியில் ஓடியது. அதற்குள் என் தொழில் பாதி முடிந்திருந்தது. எல்இடி பெட்டிக்குள் உயர் அழுத்தமும் இல்லை, கரி ஒட்டுவதும் குறைவு. போர்டு போனால் போர்டையே மாற்று, பேனல் போனால் பெட்டியையே மாற்று என்று ஆகிவிட்டது. ஆனால் அந்தத் தொடரைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்த்த விதம் எனக்குச் சந்தோஷம் தந்தது. கர்ணன் பக்கமும் அர்ஜுனன் பக்கமும் நின்று சண்டை போட்டார்கள். தமிழில் கேட்டதால் வசனத்தைத் திருப்பிச் சொன்னார்கள். 2020 ஊரடங்கில் அது மறுபடி ஒளிபரப்பானபோது, கூத்து ஜமாக்களுக்குத் திருவிழாவே இல்லாமல் போயிருந்தது. கருமாதிக்குப் பத்துப் பேர் கூடவே பயந்த காலம் அது. அந்த வருஷம் கூத்துக்காரர்கள் பலர் வேறு வேலைக்குப் போனார்கள். ஒரு தலைமுறைப் பாட்டு அப்படிச் சிதறியதில் எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் கேசட்டில் வெள்ளைப் பூஞ்சை பூத்துவிட்டது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துணியை நனைத்து, நாடாவைக் கையால் சுற்றித் துடைத்து, ஒரே ஒருமுறை ஓட்டி டிஸ்க்கில் ஏற்றினேன். இப்போது யாரும் அதைக் கேட்பதில்லை. கேட்கத் தேவையுமில்லை. ஜமாக்களே விடிய விடிய ஆடிய கர்ண மோட்சத்தை முழுசாகப் படம்பிடித்து யூடியூபில் போட்டிருக்கிறார்கள்.

சமீபத்தில் ஒரு பையன் கடைக்கு வந்தான். அவன் பெரியப்பாவுக்குக் காரியம். "அண்ணே, யூடியூப்ல போட்டா நடுவுல நடுவுல விளம்பரம் வருது. சாவு வீட்ல நல்லா இருக்காது. எறக்கி பென்டிரைவ்ல போட்டா டிவி எடுக்க மாட்டேங்குது."

வாங்கிப் பார்த்தேன். அந்தப் பழைய எல்இடி பெட்டி எடுப்பது எஃப்ஏடி 32 பென்டிரைவை மட்டும்தான். அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக நிற்காது. ராத்திரி முழுக்க ஓடுகிற படம் அதைவிடப் பெரிது. துண்டு போட்டால் ஓடும் என்றேன். ஒரு ஃபைல் முடிந்து அடுத்தது தொடங்கும்போது சில வினாடி திரை கறுத்துப் போகும், வேறு குறையில்லை.

"எங்க வேணா வெட்டிடுங்கண்ணே" என்றான்.

கடையில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன். முதல் துண்டைப் பொன்னுருவி விடைகொடுத்து உள்ளே போன பிறகு வெட்டினேன். அடுத்ததைச் சல்லியன் தேரைவிட்டு இறங்குமுன். கிழவன் வருகிற இடத்திலிருந்து கடைசி வரை ஒரே துண்டாக வைத்தேன். அது மட்டும் 4 ஜிபியைக் கொஞ்சம் தாண்டியது. படத்தின் தரத்தை ஒரு படி இறக்கி உள்ளே அடக்கிக் கொடுத்தேன்.